பிள்ளையை அடித்து எழுப்பாதீர்கள்!



விடியற்காலை 5 மணிக்கு நம் லயத்துப் பக்கம் நடந்து பாருங்கள். காதில் விழுவது என்ன? கோழி கூவும் சத்தத்தைவிட, "எந்திரிடா! பஸ் வந்திருச்சுடா! தூங்குமூஞ்சி! மூதேவி!" என்ற சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது. ஒரு வீட்டில் செம்பில் தண்ணீர் மொண்டு மூஞ்சியில் ஊற்றுகிறார்கள். இன்னொரு வீட்டில் பிரம்பு பேசுகிறது. பஸ் வந்து ஹாரன் அடித்ததும் ஒரு பையன் சட்டைப் பொத்தான் போடாமலே ஓடுகிறான். இன்னொருவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுக்கிறான். அப்பாவும் அம்மாவும் பெரட்டுக்குப் போயாச்சு. அவனைக் கேட்க ஆள் இல்லை.

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தில் 2 நாள் பஸ்ஸை விடுகிற பிள்ளை மாதத்தில் 8 நாள் பள்ளிக்கூடத்தை விடுகிறான். 8 நாள் பாடம் போனால் கணக்கு புரியாது. புரியாத வகுப்பில் உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் மனம் வரும்? அடுத்த மாதம் 10 நாள் போகிறது. மூன்றாம் படிவத்திலோ நான்காம் படிவத்திலோ நின்றுவிடுகிறான். அப்புறம் நாம் சொல்கிறோம், "அவனுக்குப் படிப்பு ஏறல." படிப்பு ஏறாதது பிறகு நடந்தது. முதலில் அவன் பஸ் ஏறவில்லை!

எழுந்திரிக்க மாட்டாத பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். பெரும்பாலான வீடுகளில் அது சோம்பல் இல்லை, தூக்கக் குறைவு. அந்தக் குறையில் ஒரு பாதி நம் வீட்டு ராத்திரியில் இருக்கிறது. மறுபாதி பஸ்ஸிலும் பெரட்டிலும் பள்ளிக்கூட மணியிலும் இருக்கிறது. பிரம்பால் தீரக்கூடியது அதில் எதுவுமே இல்லை. இதுதான் இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது. எப்படி என்று பார்ப்போம்.

கடிகாரம் ஒன்று சொல்லுது, சூரியன் ஒன்று சொல்லுது

முதலில் ஒரு கணக்கு. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுற்றுகிறது. கிழக்கே இருப்பவனுக்கு முதலில் விடியும், மேற்கே இருப்பவனுக்குப் பிறகு விடியும். சபாவில் உள்ள கோத்தா கினபாலு நம் கோலா கங்சாருக்கு ஏறக்குறைய 15 பாகை கிழக்கே இருக்கிறது. ஆகவே அங்கே விடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் இங்கே விடிகிறது. ஆனால் இரண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றே. அங்கே பிள்ளை வெளிச்சத்தில் பள்ளிக்கூடம் போகிறான். நம் பிள்ளை பாடாங் ரெங்காஸிலும் மனோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் கும்மிருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறான்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1941-இல் நம் கடிகாரம் உலக நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னே இருந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்து தோக்கியோ நேரத்தைத் திணித்தான். 1945-இல் அவன் போனதும் பழைய நேரம் திரும்பி வந்தது. அதற்குப் பின் 1982-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி, டாக்டர் மகாதீர் பிரதமராக இருந்தபோது, தீபகற்பத்தின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். சபா சரவாக்கோடு நாடு முழுதும் ஒரே நேரமாக இருக்கட்டும் என்பது அதன் நோக்கம். சிங்கப்பூரும் அன்றைக்கே மாற்றிக்கொண்டது.

அதனால் இன்றைக்கு நம் கோலா கங்சாரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, சராசரியாக ஒண்ணேகால் மணிக்கு. விடிவது, மாதத்தைப் பொறுத்து, 7 மணியிலிருந்து ஏழரை வரை. பொழுது சாய்வதும் அப்படியே, மாலை 7 மணியை ஒட்டியோ அதற்கு மேலோதான்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். காலை 5.15-க்கு நீங்கள் பிள்ளையை உலுக்குகிறீர்கள். சூரியக் கணக்கில் அப்போது மணி நாலு! ராத்திரி 9.30-க்கு "படுடா" என்கிறீர்கள். சூரியக் கணக்கில் அது எட்டேகால். வெளிச்சத்தைப் பார்த்தே நம் உடம்பு தன் நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. சுவரில் மாட்டிய கடிகாரத்தை அதற்குப் படிக்கத் தெரியாது. ராத்திரி தூக்கம் வராமல் புரளுவதும், காலையில் கண் திறக்க மாட்டாமல் கிடப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு முனைகள்.

கடிகாரத்தை மறுபடி மாற்று என்று நான் கேட்கவில்லை. நாட்டுக்கு ஒரே நேரம் இருப்பதில் நன்மை உண்டு. அந்த நன்மைக்கான விலையைக் காலை நேரத்தில் கட்டுவது நம் பிள்ளைகள் என்பதையாவது தெரிந்துகொள்வோம். தெரிந்தால் கை பிரம்புக்குப் போகாது.

"நாங்க எந்திரிக்கலையா?"

பெரியவர்கள் கேட்பார்கள்: "நாங்கள்லாம் நாலு மணிக்கு எந்திரிச்சு மரம் சீவப் போகலையா? இந்தக் காலத்துப் பசங்களுக்கு மட்டும் என்ன வந்தது?"

நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

நம் ஜனங்களை இருட்டில் எழுப்பியது ரப்பர் மரம். அந்த மரத்தின் கதை நம் ஊரிலேயே இருக்கிறது. 1877-இல் இந்தக் கோலா கங்சாரில்தான் ஆங்கிலேயத் துரை ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் 9 ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அந்தக் காலத்து மரம் ஒன்றை இன்றும் பட்டணத்தில் காட்டுகிறார்கள். ராத்திரி முழுதும் இலை வழியே ஈரம் அதிகம் போகாததால் விடியுமுன் மரத்துக்குள் பாலின் அழுத்தம் நிறைந்திருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறையும், பால் சுருங்கும். ஆகையால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனோம். மரத்தின் குணம் அது.

ஆனால் அந்தக் காலத்தில் நாம் எத்தனை மணிக்குப் படுத்தோம்? எட்டு, எட்டரைக்கு! பல தோட்டங்களில் மின்சாரம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வந்தது. ராத்திரி குறித்த நேரத்தில் அதை நிறுத்திவிடுவார்கள். விளக்குப் போனால் லயமே இருண்டு போகும். அப்புறம் என்ன வேலை? தூக்கம்தான். நம்மைப் படுக்க வைத்தது நம் ஒழுக்கம் மட்டும் இல்லை. அந்த ஜெனரேட்டரும்தான்!

இன்னொன்றும் உண்டு. 7 வயதிலிருந்து 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்து நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்தப் பள்ளிக்கூடங்களின் தரத்தைப் பற்றி நிறையக் குறை சொல்லலாம். ஆனால் அவை லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. மணி அடிக்கும்போது எழுந்தாலும் ஓடிப்போய்ச் சேர்ந்துவிடலாம். இன்றைக்குத் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போய்விட்டன. இடைநிலைப்பள்ளியோ பட்டணத்தில் இருக்கிறது. நம் பிள்ளை அரை மணி, முக்கால் மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறான். அந்த நேரம் எங்கிருந்து வந்தது? அவன் தூக்கத்திலிருந்துதான் வெட்டி எடுக்கப்பட்டது.

பன்னிரண்டு வயதுக்கு மேல் நடப்பது

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? 6 வயதிலிருந்து 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம். 13-லிருந்து 18 வரை 8 முதல் 10 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2016-இல் கூடி ஆராய்ந்து சொன்ன கணக்கு இது. இதில் குறைந்தால் பாடம் மனதில் தங்காது, கோபம் வரும், நோய்க்கு எதிர்ப்புக் குறையும். வளர்ச்சிக்கு வேண்டிய சுரப்பு ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது.

சின்னப் பிள்ளைக்கு ராத்திரி எட்டரைக்கே கண் சொக்கும். ஆனால் பிள்ளை வயசுக்கு வருகிற காலத்தில் உடம்பில் ஒரு மாற்றம் நடக்கிறது. இருட்டானதும் மூளையில் சுரந்து தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் என்ற சுரப்பு, அந்த வயதில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கத் தொடங்குகிறது. 15 வயதுப் பையன் 9 மணிக்குப் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்றால் அது அடம் இல்லை. அவன் உடம்புக்கு இன்னும் ராத்திரி வரவில்லை. நம் ஊரில் மட்டும் இல்லை, உலகமெங்கும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான். 20 வயது தாண்டினால் மெல்ல மெல்லச் சரியாகும்.

இந்த இயற்கைத் தாமதத்தோடு கைப்பேசியும் சேர்ந்தால் என்ன ஆகும்? அதன் வெளிச்சம் மெலடோனினை இன்னும் தள்ளிப்போடும். அதில் ஓடும் விளையாட்டும் பேச்சும் மனத்தை விழிக்கவைக்கும். ஜெனரேட்டர் நின்றுவிடும், போன் நிற்காது. ராத்திரி தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று போனைக் கையில் கொடுத்துவிட்டு, காலையில் பிரம்பை எடுப்பது பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிற கதைதான்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். இந்த விஷயத்தில் அடி உதவாது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அடித்து எழுப்பிய பிள்ளை பயத்தில் எழுந்து நிற்பான். மூளை விழிக்க இன்னும் அரை மணி நேரம் பிடிக்கும். அந்தப் பயத்தோடு பள்ளிக்கூடம் போனால் முதல் பாடமே மேசையில் தலை சாய்த்துத் தூக்கம்தான்.

நம் கையில் உள்ள பாதி

காலையில் நடப்பதை முதல் நாள் ராத்திரி தீர்மானிக்கிறது. நம் வீட்டில் செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று: எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 9 வயதுப் பிள்ளை காலை 6 மணிக்கு எழ வேண்டுமென்றால் 8.30-க்குப் படுக்கையில் இருக்க வேண்டும். பெரிய பிள்ளை 5.30-க்கு எழ வேண்டுமென்றால் 9.30-க்கு மேல் தாண்டக்கூடாது. ஒரே நாளில் மாற்ற முடியாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிஷம் முன்னே கொண்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் உடம்பு பழகிவிடும்.

இரண்டு: படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னே எல்லாப் போனும் ஒரே இடத்துக்கு வரட்டும். அடுப்படி அலமாரியோ சாமி மாடமோ, எதுவானாலும் சரி. பெரியவர்கள் போனும் அங்கேயே வரவேண்டும். அப்பா படுத்துக்கொண்டு போன் பார்த்தால் மகன் கேட்பானா? எழுப்புவதற்குப் போன்தான் வேண்டும் என்பார்கள். சில வெள்ளிக்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கி, கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். நிறுத்துவதற்காவது எழுந்து நடப்பார்கள்.

மூன்று: தொலைக்காட்சி. நம் வீடுகளில் பல பிள்ளைகள் படுப்பதே முன் ஹாலில். 10.30 வரை அங்கே நாடகம் ஓடினால் அந்தப் பிள்ளை எங்கே தூங்கும்? ஒன்று நாடகத்தைக் குறையுங்கள், இல்லை பிள்ளைக்கு உள்ளே இடம் விடுங்கள்.

நான்கு: பகல் தூக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து 3 மணியிலிருந்து 6 மணி வரை தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெட்டது. களைத்து வந்தால் அரை மணி நேரம் போதும். 4 மணிக்கு மேல் வேண்டாம்.

ஐந்து: மாலையில் காப்பியும் தேத்தண்ணியும் கொடுக்காதீர்கள். குடித்து 5, 6 மணி நேரம் கழித்தும் அதன் வேகத்தில் பாதி உடம்பில் நிற்கும். சீனி போட்ட சோடாத் தண்ணிகள் சிலவற்றிலும் அதே சரக்கு இருக்கிறது.

ஆறு: சனி ஞாயிறு. வாரம் முழுதும் 5.30-க்கு எழுந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை 11 மணி வரை தூங்கினால் திங்கட்கிழமை காலை நரகம்தான். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். பிறகு எழுப்பி வெளியே வெயிலில் விடுங்கள். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருகி வைக்கும் சாவி.

ஏழு: எழுப்பும் முறை. முதலில் விளக்கைப் போடுங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். காலைத் தொட்டு அசையுங்கள். 5 நிமிஷம் விட்டு மறுபடியும் கூப்பிடுங்கள். உட்கார வைத்துக் கையில் சூடாக மைலோவைக் கொடுங்கள். சீருடை, சப்பாத்து, பை எல்லாம் ராத்திரியே எடுத்து வைத்திருந்தால் காலையில் 15 நிமிஷம் மிச்சமாகும். அந்த 15 நிமிஷமும் பிள்ளைக்குத் தூக்கமாகப் போகட்டும்.

மூத்த மகளை மறந்துவிடாதீர்கள்

இதை எழுதாமல் விட்டால் பாவம். அம்மா பெரட்டுக்குப் போன வீட்டில் யார் எழுப்புகிறது? மூத்த மகள். நாலரைக்கு அம்மாவோடு எழுந்து சோறு கட்டி, தம்பியை எழுப்பி, தங்கைக்குத் தலை பின்னி, கடைசியில் தான் குளித்து ஓடுகிறாள். ராத்திரி பாத்திரம் தேய்த்துப் படுப்பதும் அவள்தான் கடைசி. "எங்க வீட்டுப் பொண்ணு நல்ல பொண்ணு, எழுப்பவே வேண்டாம்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அவள் எழுந்துவிடுகிறாள் என்பதால் அவள் தூங்கி முடித்துவிட்டாள் என்று அர்த்தமா? அவளுக்கும் அதே வயது, அதே உடம்பு. அவள் வேலையில் பாதியைத் தம்பிமாரும் அப்பாவும் எடுத்துக்கொள்ளட்டும். பாத்திரம் தேய்த்தால் ஆம்பளைக் கை தேய்ந்துவிடாது!

வைத்தியரிடம் காட்ட வேண்டியது எப்போது?

9 மணி நேரம் நன்றாகத் தூங்கியும் பிள்ளை எழ முடியாமல் கிடந்தால், பகலெல்லாம் சோர்ந்து உட்கார்ந்தால், அது நோயாக இருக்கலாம். முகம் வெளிறி, கண்ணின் உள்பக்கம் வெளுத்திருந்தால் இரத்தச் சோகையா என்று பார்க்க வேண்டும். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்துக் குறைவது சகஜம். வயிற்றில் பூச்சி இருந்தாலும் இரத்தம் குறையும். ராத்திரி உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறினால் தொண்டைச் சதை வளர்ந்திருக்கலாம். ராத்திரி இருமலும் இழுப்பும் தூக்கத்தைக் கெடுக்கும். முன்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பள்ளிக்கூடம் என்றாலே போர்வைக்குள் ஒளிந்தால், அங்கே யாராவது அடிக்கிறார்களா, மனதில் ஏதாவது பாரமா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பாட்டி கட்டும் தாயத்து மனதுக்குத் தெம்பு தரலாம். இரும்புச் சத்து தராது.

நம் கையில் இல்லாத பாதி

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கணக்கு இடிக்கும். பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணிக்கு முன் தூக்கம் வராது. ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். ஏழேகால் மணி நேரம்தான் ஆயிற்று. மிச்சத் தூக்கத்தை எந்தத் தாயும் எந்தத் தகப்பனும் வீட்டுக்குள் இருந்து கொண்டுவர முடியாது. அதை வெளியேதான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில் பஸ். ஒரே பஸ் நாலு தோட்டத்தைச் சுற்றினால் முதலில் ஏறுகிற பிள்ளைதான் அதிகம் இழக்கிறான். ஒரு தவணை இந்தப் பக்கமிருந்தும், அடுத்த தவணை அந்தப் பக்கமிருந்தும் சுற்றச் சொல்லுங்கள். ஒரு பெரிய பஸ்ஸுக்குப் பதிலாக இரண்டு வேன் போட முடியுமா என்று பஸ்காரரிடம் பெற்றோர் சேர்ந்து பேசுங்கள். தனித்தனியாகக் கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போவார். 20 குடும்பம் சேர்ந்து கேட்டால் உட்கார்ந்து பேசுவார்.

இரண்டாவது பெரட்டு. ரப்பருக்கு இருட்டில் போக வேண்டிய காரணத்தை மேலே சொன்னேன். செம்பனைக்கு அந்தக் காரணம் இல்லை. குலை வெட்டவும் உரம் போடவும் புல் வெட்டவும் வெளிச்சம்தான் வேண்டும். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் பள்ளிப் பிள்ளை உள்ள குடும்பத்தில் அப்பாவோ அம்மாவோ ஒருவர் மட்டும் அரை மணி நேரம் தாமதமாகப் பெரட்டுக்கு வந்து, அரை மணி நேரம் தாமதமாக முடிப்பதால் எந்தத் தோட்டம் நஷ்டப்படும்? நம் கிளைகள் நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது சம்பளத்தோடு இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது பள்ளிக்கூட மணி. நம் காலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழரைக்கு ஒட்டித் தொடங்குகின்றன. அப்போது நம் ஊரில் சூரியன் அப்போதுதான் தலை காட்டுகிறது. "தொன்றுதொட்டு வந்த நேரம், மாற்ற முடியாது" என்பார்கள். மாற்றியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரம் 1997-இல் தன் உயர்நிலைப் பள்ளிகளை 7.15-லிருந்து 8.40-க்கு மாற்றியது. பிள்ளைகள் வகுப்பில் தூங்குவது குறைந்தது, வருகை கூடியது. கலிபோர்னியா மாநிலம் 2019-இல் சட்டமே இயற்றி, 2022 முதல் பெரிய பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக்கூடாது என்றது.

"அது வெள்ளைக்காரன் நாடு" என்று சொல்வீர்களா? நமக்கு அடுத்த வீடு சிங்கப்பூர். அங்கும் நம் கடிகாரம்தான். 2016 ஜூலையில் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 7.30 மணியை 8.15 ஆக்கியது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் பிள்ளைகளின் தூக்கம் முன்பைவிடப் பத்து நிமிஷ அளவுக்குக் கூடியிருந்தது. பகலில் கண் சொக்குவதும் குறைந்திருந்தது. பத்து நிமிஷம்தானா என்று கேட்கலாம். படிப்பில் பெரும் போட்டி உள்ள ஊரில், பிள்ளைகள் அந்தப் பத்து நிமிஷத்தைக் காப்பாற்றினார்கள் என்பதே பெரிய சங்கதி.

காலையும் மாலையும் இரண்டு நேரப் பள்ளி நடக்கிற இடங்களில் இது எளிதில்லை என்பது எனக்குத் தெரியும். மத்தியான வெயிலில் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்ற குறையும் உண்டு. ஆனால் ஒரே நேரம் மட்டும் நடத்துகிற பள்ளிகள் 8 மணிக்குத் தொடங்க முடியுமா என்று கேட்பதில் என்ன தப்பு? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் போவது குறைவு. போனாலும் பின் நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறோம். இந்த முறை முன் வரிசையில் உட்காருங்கள். எழுந்து கேளுங்கள்.

அது நடக்க நாளாகும். அதுவரை தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாமதமாக வந்த பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள். வாசல் சாத்தினால் அவன் வீட்டுக்குத் திரும்பமாட்டான். ஆற்றங்கரைக்கும் கடைத்தெருவுக்கும்தான் போவான். முதலில் வகுப்பில் உட்கார வையுங்கள். காரணத்தை ஓய்வு நேரத்தில் கேளுங்கள். 10 நிமிஷம் தாமதமாக வந்தவனும் வந்தவன்தானே!

லயம் சேர்ந்தால்

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் மறுபடி படுத்துவிடுவதுதான் பல வீடுகளில் கஷ்டம். நம் லயத்தில் வேலை விட்டு ஓய்ந்த தாத்தாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். விடியுமுன் எழுந்தே பழகியவர்கள், இப்போதும் நாலரைக்கு விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராக முறை போடுங்கள். பஸ் வர 40 நிமிஷம் இருக்கும்போது அவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டட்டும். திட்டு வேண்டாம், பிரம்பு வேண்டாம். "கண்ணு, மணியாச்சு" என்ற ஒரு சொல் போதும். தட்டிய கதவுக்குள் விளக்கு எரியும்வரை நகரக்கூடாது. அதுதான் ஒரே விதி.

முன்பு பெரட்டு மணி அடித்து நம்மை எழுப்பினார்கள். துரைக்குப் பால் வேண்டும், அதற்காக ஒரு தோட்டமே ஒரே நேரத்தில் எழுந்தது. நம் பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு லயம் ஒரே நேரத்தில் எழ முடியாதா? ஒரே நேரத்தில் படுக்கவும் முடியாதா?

இன்றைக்கு ராத்திரி 9 மணிக்குத் தொடங்குங்கள். சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்தில் பஸ்ஸையும் பெரட்டையும் பள்ளி மணியையும் பேச்சுக்கு எடுங்கள். பிரம்பை எடுத்து அடுப்பில் போடுங்கள்!